மீத்திறன் குழந்தையின் அடைவுத் தேர்வு அறிக்கையை வாசிப்பது எப்படி?

அமெரிக்கப் பள்ளிகளில் வகுப்பின் வேகத்தை மிஞ்சிக் கற்கும் பிள்ளைகளை, அதாவது மீத்திறன் குழந்தைகளை, பள்ளியோ பெற்றோரோ ஓர் உளவியலாளரிடம் அடைவுத் தேர்வு என்ற தனித் தேர்வுக்கு அனுப்புவதுண்டு. தேர்வு முடிந்து சில வாரங்களில் பல பக்க அறிக்கை ஒன்று வீட்டுக்கு வரும். அதில் வாசிப்புக்கு நேரே 142 என்று ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் 99.7 என்று இன்னோர் எண்ணும், அடுத்த கட்டத்தில் 9.4 என்று மூன்றாவது எண்ணும் இருக்கும். மூன்றும் ஒரே தேர்வைப் பற்றியவை. நூற்றுக்கு எத்தனை, வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற இரண்டு கேள்விகளோடு தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்து வளர்ந்த பெற்றோருக்கு இந்த மூன்றில் எதுவுமே பழகிய மதிப்பெண் அல்ல. 99.7 என்பது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் போலவும், 9.4 என்பது குழந்தை ஒன்பதாம் வகுப்புக்குத் தயார் என்ற சான்றிதழ் போலவும் தோன்றும். இரண்டு வாசிப்பும் தவறு. இரண்டாவது தவறு குழந்தைக்குக் கெடுதலும் செய்யக்கூடியது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குழந்தையை வைத்துக்கொள்வோம். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாசித்துப் புரிந்துகொள்வதில் 142, சொற்கணக்குகளில் 148, எழுதிக் கணக்கிடுவதில் 131, எழுத்துப்பிழையின்றி எழுதுவதில் 118, நேரம் குறித்து நடத்தப்பட்ட எளிய கூட்டல் கழித்தல் தேர்வில் 108. மீத்திறன் குழந்தைகளின் அறிக்கைகளில் இத்தகைய ஏற்ற இறக்கம் மிகச் சாதாரணம். எல்லா எண்களும் ஒரே உயரத்தில் நிற்பதுதான் அரிது.

முதலில், அடைவுத் தேர்வு எதை அளக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐ.க்யூ. என்று நாம் சொல்லும் நுண்ணறிவுத் தேர்வு, குழந்தை புதிய சிக்கல் ஒன்றை எப்படி அணுகுகிறது, எவ்வளவு நினைவில் வைத்துக்கொள்கிறது, உறவுகளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பவற்றை ஆராய்கிறது. அடைவுத் தேர்வோ குழந்தை இதுவரை கற்றுக்கொண்டதை அளக்கிறது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றுமே அதன் முக்கியக் களம். ஆகவே கற்பிக்கப்படாத ஒன்றில் எவ்வளவு கூர்மையான குழந்தையும் மதிப்பெண் பெற முடியாது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் முறையை ஒருபோதும் பார்த்திராத எட்டு வயதுக் குழந்தை, அந்தக் கணக்கு தாளில் வந்ததும் நின்றுவிடும். நம் கற்பனைக் குழந்தையின் 148க்கும் 131க்கும் இடையிலுள்ள தூரத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்: சொற்கணக்கை யோசித்தே தீர்த்துவிடலாம், எழுத்துக்கணக்குக்கு யாராவது முறையைச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

தனி அறையில் ஒரு குழந்தைக்கு ஒரு தேர்வாளர் என்ற முறையில் நடத்தப்படும் தேர்வுகளில் வுட்காக்-ஜான்சன், வெக்ஸ்லர், காஃப்மன் ஆகிய மூன்று பெயர்களையே அறிக்கைகளில் அடிக்கடி காணலாம். இவற்றில் கேள்விகள் எளியதில் தொடங்கிக் கடினமாகிக்கொண்டே போகும். குழந்தை தொடர்ந்து பல கேள்விகளைத் தவறவிட்ட பிறகே அந்தப் பகுதி முடியும். அதாவது, தவறுவது இந்தத் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. பள்ளியில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்கிப் பழகிய குழந்தைக்கு இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புவது பெற்றோரின் கடமை என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் சொல்லாமல் அனுப்பினால் அழுதுகொண்டே வெளியே வரும் பிள்ளைகள் உண்டு.

142 என்றால் என்ன?

அறிக்கையில் 'ஸ்டாண்டர்ட் ஸ்கோர்' என்ற தலைப்பின் கீழ் வரும் எண்ணைத் திட்ட மதிப்பெண் எனலாம். குழந்தை சரியாக விடையளித்த கேள்விகளின் எண்ணிக்கையை, நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த அதே வயதுக் குழந்தைகள் சரியாக விடையளித்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, சராசரி 100 ஆகவும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15 ஆகவும் இருக்குமாறு மாற்றி எழுதுகிறார்கள். ஆகவே 100 என்பது முழு மதிப்பெண் அல்ல, நடுப்புள்ளி. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள். நம் குழந்தையின் 108 நடுத்தரத்தில் சற்று மேல்பகுதி. 131 சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கங்களுக்கு மேல். 148 மூன்று திட்ட விலக்கங்களையும் தாண்டியது.

பக்கத்தில் உள்ள பெர்சென்டைல், அதே இடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. 99.7 என்றால், அதே வயதுடைய ஆயிரம் குழந்தைகளில் 997 பேரின் மதிப்பெண்ணுக்கு இந்தக் குழந்தையின் மதிப்பெண் குறைவாக இல்லை என்று பொருள். கேள்விகளில் 99.7 விழுக்காட்டுக்குச் சரியான விடை எழுதியது என்று பொருள் அல்ல. இந்தியாவில் ஜே.இ.இ. மெயின் முடிவுகள் 2019 முதல் பெர்சென்டைலில் வருவதால் இந்த வேறுபாடு பலருக்கு இப்போது பழகியிருக்கும்.

பெர்சென்டைலில் உள்ள சிக்கல், அதன் படிகள் சம உயரம் கொண்டவை அல்ல என்பது. 50இலிருந்து 60க்குப் போக, திட்ட மதிப்பெண்ணில் சுமார் நான்கு புள்ளிகள் போதும். 98இலிருந்து 99.9க்குப் போகப் பதினைந்து புள்ளிகளுக்கு மேல் வேண்டும். நடுவில் பத்துப் படிகள் ஏறுவதைவிட உச்சியில் இரண்டு படிகள் ஏறுவது பல மடங்கு பெரிய பயணம் என்றாலும், தாளில் அது இரண்டாகவே தெரிகிறது. ஒரு லட்சம் குழந்தைகளை எடுத்துக்கொண்டால், கணக்குப்படி 130க்கு மேல் சுமார் 2,275 பேர், 145க்கு மேல் சுமார் 135 பேர், 160க்கு மேல் மூன்றே பேர். பள்ளி அனுப்பும் சில அறிக்கைகளில் இவர்கள் எல்லோருக்கும் 98 என்றோ 99 என்றோதான் அச்சாகியிருக்கும். இந்தக் காரணத்தால் மீத்திறன் குழந்தைகளின் விஷயத்தில் பெர்சென்டைலை விட்டுத் திட்ட மதிப்பெண்ணைப் பார்ப்பதே நல்லது.

அந்த எண்ணையும் ஒற்றை எண்ணாகப் பார்க்கக் கூடாது. எந்தத் தேர்வும் துல்லியமானதல்ல; அன்றைய தூக்கம், தேர்வாளரோடு ஏற்பட்ட இணக்கம், ஊகித்து எழுதிய ஒரு விடை என எல்லாம் சேர்ந்தே மதிப்பெண் அமைகிறது. நம்பகத்தன்மை 0.95 (பிழையே இல்லையென்றால் 1) என்று சொல்லத்தக்க மிக நல்ல தேர்வில்கூட அளவீட்டுத் திட்டப் பிழை, அதாவது மதிப்பெண் தற்செயலாக ஏறி இறங்கும் வழக்கமான அளவு, 3.4 புள்ளிகள் இருக்கும். குழந்தையின் உண்மையான மதிப்பெண் பெரும்பாலும் அடங்கும் எல்லையான 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி இரு பக்கமும் ஆறேழு புள்ளிகள் விரியும். ஆகவே 142 என்பதை ஏறக்குறைய 135 முதல் 149 வரை என்று வாசிப்பதே நேர்மையானது. பள்ளிகளை நடத்தும் மாவட்ட நிர்வாகம் மீத்திறன் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்க 130ஐ வாசலாக வைத்திருக்கும்போது 128 வாங்கிய குழந்தையை மீத்திறன் இல்லாத குழந்தை என்றும், 131 வாங்கிய குழந்தையை மீத்திறன் குழந்தை என்றும் பிரிப்பது அளவியலில் நிற்காத செயல். நிர்வாகத்துக்கு ஒரு கோடு தேவை என்பது புரிகிறது. அந்தக் கோட்டைப் பெற்றோர் வீட்டுக்குள் கொண்டுவந்து குழந்தையின் மேல் போட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் தேர்வாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒப்பீடு வயதோடு செய்யப்பட்டதா, வகுப்போடு செய்யப்பட்டதா? வுட்காக்-ஜான்சன் போன்ற தேர்வுகளில் இரண்டும் சாத்தியம். ஏற்கெனவே ஒரு வகுப்பைத் தாண்டிய குழந்தையை வயதோடு ஒப்பிட்டால் எண் உயரும், வகுப்போடு ஒப்பிட்டால் இறங்கும். இரண்டும் உண்மையே, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். குழந்தையை மேல்வகுப்பில் சேர்ப்பது பற்றிப் பேசுகிறோம் என்றால், சேரப்போகும் வகுப்பின் மாணவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கும் என்பதே பயனுள்ள கேள்வி.

9.4 சொல்வதும் சொல்லாததும்

'கிரேடு ஈக்விவலன்ட்' எனப்படும் வகுப்புநிலை எண்தான் அறிக்கையிலேயே எளிதாகப் புரிவது போலத் தோன்றுவது, அதனாலேயே அதிகமாக ஏமாற்றுவது. 9.4 என்றால் ஒன்பதாம் வகுப்பின் நான்காம் மாதம். அதன் பொருள் இவ்வளவுதான்: இதே தேர்வை எழுதினால், ஒன்பதாம் வகுப்பின் நான்காம் மாதத்தில் உள்ள நடுத்தர மாணவர் எத்தனை கேள்விகளுக்குச் சரியாக விடையளிப்பார் என்று கணிக்கப்பட்டிருக்கிறதோ, அத்தனைக்கு இந்தக் குழந்தையும் சரியாக விடையளித்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பாடங்களைக் குழந்தை கற்றுவிட்டது என்றோ, அந்த வகுப்பில் உட்கார்ந்தால் சமாளிக்கும் என்றோ அது சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்தப் பாடங்கள் தேர்வில் இல்லை.

இதன் பின்னால் இரண்டு விஷயங்கள் வேலை செய்கின்றன. ஒன்று, வாசிப்புத் திறன் போன்றவை தொடக்க வகுப்புகளில் வேகமாக வளர்ந்து, பிறகு மெதுவாக ஊர்கின்றன. இரண்டாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கும். எட்டாம் வகுப்பு நடுத்தர மாணவருக்கும் பதினொன்றாம் வகுப்பு நடுத்தர மாணவருக்கும் இடையில் சில கேள்விகளே வித்தியாசம். ஆகவே உச்சிப் பகுதியில் இரண்டு கேள்விகள் கூடுதலாகச் சரியானாலே வகுப்புநிலை எண் பல ஆண்டுகள் தாவிவிடும். மற்றொன்று, ஒரே மொத்த எண்ணிக்கையை இரு வேறு வழிகளில் அடையலாம். எட்டு வயது மீத்திறன் குழந்தை எளிய கேள்விகள் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கும். பதினான்கு வயது மாணவர் கவனக்குறைவால் எளியவற்றில் சிலவற்றை விட்டு, கடினமானவற்றில் சிலவற்றைப் பிடித்திருப்பார். மொத்தம் ஒன்றே, அறிவு ஒன்றல்ல.

மூன்றாம் வகுப்பு முழுவதற்கும் ஒன்றாக நடத்தப்படும் குழுத் தேர்வுகளில் நிலைமை இன்னும் பலவீனமானது. அந்தத் தாளை ஒன்பதாம் வகுப்பு மாணவர் யாரும் எழுதியே இருக்கமாட்டார். கோட்டை நீட்டிப் போட்ட கணிப்பாகவே அந்த எண் வந்திருக்கும். அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட சர்வதேச வாசிப்புச் சங்கம் 1981ஆம் ஆண்டிலேயே வகுப்புநிலை எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. ஆனாலும் அவை அறிக்கைகளில் தொடர்ந்து வருகின்றன. பள்ளியோடு நடக்கும் கூட்டத்தில் 'என் குழந்தை ஒன்பதாம் வகுப்பு அளவில் வாசிக்கிறாள்' என்று தொடங்கும் பெற்றோரின் மற்ற நியாயமான வாதங்களும் அந்த ஒரு வாக்கியத்தாலேயே எடை இழந்துவிடுகின்றன, ஏனென்றால் எதிரே அமர்ந்திருக்கும் ஆசிரியருக்கு அந்த எண்ணின் பலவீனம் தெரியும். அதே அறிக்கையில் உள்ள 142 அதைவிட வலுவான சான்று. அதை எடுத்துச் செல்லுங்கள்.

உச்சவரம்பு

ஐந்தடி வரை மட்டும் கோடு போட்ட சுவரில் ஆறடி உயரம் உள்ளவரை நிறுத்தினால், 'ஐந்தடிக்கு மேல்' என்று மட்டுமே எழுத முடியும். ஒரு வகுப்பின் பாடங்களுக்கு மட்டும் அமைந்த தேர்வு மீத்திறன் குழந்தைக்குச் செய்வது இதையே. தாளில் உள்ள எல்லாவற்றையும் குழந்தை சரியாக எழுதிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தெரியும் என்பதைக் காட்டக் கேள்விகள் மிச்சமில்லை. அங்கே ஒரே ஒரு கவனப்பிழைகூடப் பெர்சென்டைலைச் சில புள்ளிகள் கீழே இழுக்கும். கடந்த ஆண்டு 99, இந்த ஆண்டு 96 என்று பெற்றோர் கவலைப்படுவது பெரும்பாலும் இத்தகைய ஒரு கேள்வியைப் பற்றிய கவலையே.

இந்தச் சிக்கலுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜூலியன் ஸ்டான்லி கண்ட வழி எளிமையானது. 1971இல் கணிதத் திறன் மிக்க சிறுவர் சிறுமியர் பற்றிய ஆய்வைத் தொடங்கிய அவர், 1972இல் முதல் திறன் தேடலை நடத்தினார். கல்லூரியில் சேர விரும்பும் பதினேழு வயதினர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினருக்குக் கொடுத்தார். வகுப்புத் தேர்வில் எல்லோரும் உச்சியில் ஒன்றாகக் குவிந்திருந்த அந்தப் பிள்ளைகள், இந்தத் தேர்வில் 200 முதல் 800 வரையிலான அளவில் பரவலாகச் சிதறினார்கள். 99 என்ற ஒரே எண்ணுக்குள் எவ்வளவு பெரிய வேறுபாடுகள் ஒளிந்திருந்தன என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது. பிறகு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கமீலா பென்போவும் டேவிட் லுபின்ஸ்கியும் தொடர்ந்து நடத்திய நீண்ட கால ஆய்வு, உச்ச ஒரு விழுக்காட்டினருக்குள்ளேயே மேல் கால்பகுதியினர் கீழ் கால்பகுதியினரைவிட முனைவர் பட்டங்களும் காப்புரிமைகளும் அதிகம் பெற்றிருப்பதைக் காட்டியது. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எல்லாம் ஒன்றுதான் என்ற பொதுவான எண்ணம் அந்தத் தரவுகளோடு ஒத்துப்போகவில்லை.

தேர்வை மதிப்பெண்ணோடு ஸ்டான்லி நிறுத்திக்கொள்ளவில்லை. எந்தக் கேள்விகளைக் குழந்தை தவறவிட்டது என்று பார்த்து, அந்தப் பகுதிகளை மட்டும் கற்பித்து, அதே தரத்தில் வேறொரு தாளைக் கொடுத்துச் சரிபார்த்து, அடுத்த பாடத்துக்கு நகர்வது அவருடைய முறை. தெரிந்ததை மறுபடி கற்பித்துக் குழந்தையின் மாதங்களை வீணாக்காத இந்த அணுகுமுறையே, என் பார்வையில், அடைவுத் தேர்வின் மிக உயர்ந்த பயன். மதிப்பெண் குழந்தை எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. தவறிய கேள்விகள் அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்று சொல்கின்றன. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வேண்டியது இரண்டாவதுதான், அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடுவதும் இரண்டாவதுதான். தேர்வுக் கேள்விகளை அப்படியே வெளியிட உளவியலாளருக்கு அனுமதி இல்லை. ஆனால் பின்னங்களில் நின்றாளா, நீள் வகுத்தலில் நின்றாளா, இரண்டு படிகள் கொண்ட சொற்கணக்குகளில் தடுமாறினாளா என்று கேட்டால் அவர் சொல்வார். கேட்க வேண்டும்.

குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை ஒரே கேள்வி வரிசையைப் பயன்படுத்தும் தனிநபர் தேர்வுகளில் எட்டு வயதுக் குழந்தை உச்சவரம்பை முட்டுவது அரிது. அந்த வகையில் நம் குழந்தையின் 148 நம்பத்தக்கது. வெக்ஸ்லர் அடைவுத் தேர்வில் திட்ட மதிப்பெண் 160க்கு மேல் போகாது. 160 என்றே அச்சாகியிருந்தால் அதைக் குறைந்தபட்சம் என்று வாசிக்கலாம்.

108 ஏன்?

பல பெற்றோர் அறிக்கையில் முதலில் பார்ப்பது மிகத் தாழ்ந்த எண்ணையே. நம் குழந்தையின் 108, மூன்று நிமிடங்களுக்குள் எத்தனை எளிய கணக்குகளை எழுத முடியும் என்ற வேகத் தேர்வு. வுட்காக்-ஜான்சன் தேர்வின் நான்காம் பதிப்பில் 'பரந்த கணிதம்' என்ற கூட்டு மதிப்பெண், சொற்கணக்கு, எழுத்துக்கணக்கு, இந்த வேகத் தேர்வு ஆகிய மூன்றிலிருந்தும் உருவாகிறது. ஆகவே மெதுவாக எழுதும் கையோ, ஒவ்வொரு விடையையும் இருமுறை சரிபார்க்கும் குணமோ கூட்டு மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிடும். அதைப் பார்த்துக் கணிதத்தில் அவ்வளவு ஆழமில்லை என்று முடிவுகட்டினால் 148 என்ற செய்தி தொலைந்துவிடும். மேம்பட்ட கணித வகுப்புக்கான முடிவில் சொற்கணக்குக்கே அதிக எடை தரப்பட வேண்டும். ஏழெட்டு வயதில் சிந்தனை ஓடும் வேகத்துக்குக் கை ஓடாது.

அதற்காக எல்லா இறக்கங்களையும் வேகத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. நுண்ணறிவுத் தேர்வின் மொழிப் பகுதியில் 140 பெற்ற குழந்தை, வாசிப்பில் 100 மட்டும் பெற்றால், பள்ளி 'சராசரிதானே, குறையொன்றுமில்லை' என்று சொல்லக்கூடும். அந்தக் குழந்தைக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாமல், சூழலை வைத்து ஊகித்தே வகுப்பைச் சமாளித்துக்கொண்டிருக்கலாம். மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுகிறது, இரண்டுக்குமான உதவியும் கிடைக்காமல் போகிறது. இத்தகைய பெரிய இடைவெளியைக் கண்டால் மேலும் விரிவான பரிசோதனையைக் கேட்பதற்குப் பெற்றோர் தயங்கக் கூடாது.

சிறிய இடைவெளிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஐ.க்யூ. 140 என்றால் அடைவும் 140 ஆகவே இருக்க வேண்டும் என்பது இல்லை. இரண்டு அளவைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழுவை (முழுமையாக ஒத்துப்போனால் 1) 0.7 என்று கொண்டால், 140 பெற்ற குழந்தைகளின் அடைவு மதிப்பெண் சராசரியாக 128 அருகில் இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. 128 வாங்கிய பிள்ளையிடம் 'திறமைக்கு ஏற்ப உழைக்கவில்லை' என்று சொல்வது அநியாயம்.

அடுத்த அறிக்கை வரும்போது

பள்ளிகளிலேயே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கணினியில் நடக்கும் மேப் குரோத் தேர்வு, குழந்தையின் விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியைக் கடினமாக்கியோ எளிதாக்கியோ தருவது. அதன் மதிப்பெண்ணான ரிட், எல்லா வகுப்புகளுக்கும் பொதுவான ஓர் அளவுகோலில் அமைந்தது. 2020ஆம் ஆண்டின் ஒப்பீட்டு அட்டவணைப்படி மூன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் கணிதச் சராசரி சுமார் 188, ஆறாம் வகுப்பின் இறுதியில் சுமார் 223. இதிலும் மூன்று புள்ளிகள் அளவுக்குத் திட்டப் பிழை உண்டு. இலையுதிர் காலத்தில் 221, குளிர்காலத்தில் 219 என்றால் குழந்தை பின்தங்கிவிட்டது என்று பொருள் அல்ல. 2 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கும், 6ஆம் வகுப்புக்கும் அதற்கு மேலும் தனித்தனித் தேர்வுகள் இருப்பதால், குழந்தை எதை எழுதியது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தனித் தேர்வை ஓராண்டு இரண்டாண்டுகள் கழித்து மறுபடி எழுதும்போது இதே கவனம் வேண்டும். திட்ட மதிப்பெண் வளர்ச்சியை அளப்பதல்ல, இடத்தைச் சொல்வது. எட்டு வயதில் 142 வாங்கிய குழந்தை பத்து வயதிலும் 142 வாங்கினால், இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் கற்கவில்லை என்று அர்த்தமில்லை; ஒப்பிடப்படும் குழந்தைகளும் இரண்டு ஆண்டுகள் வளர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் இருந்த இடத்தை இவள் விடாமல் வைத்திருக்கிறாள். 142 என்பது 138 ஆனால் அது பிழை எல்லைக்குள் அடங்கும். 142 என்பது 125 ஆகியிருந்தால் மட்டும், அந்த இரண்டு ஆண்டுகளில் பள்ளியில் அவளுக்குப் புதிதாக என்ன கற்பிக்கப்பட்டது என்று ஆசிரியரிடம் விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.